கொள்கையைக் காட்ட வேண்டிய இடம் கடை

லினக்ஸ் இயங்குதளத்தில், மூலநிரலை (நிரலாளர் எழுதும் நிரல்வரிகளை) வெளியிடாத மூடிய மென்பொருளைத் தொடவே கூடாது என்று வாதிடும் நண்பர்களின் பற்றுறுதியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால், கையில் ஏற்கெனவே இருக்கும் கணினியை வைத்துக்கொண்டு அந்தக் கொள்கையைப் புதியவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்தில் நாங்கள் சிலர் சேர்ந்து, அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய மடிக்கணினிகளில் லினக்ஸின் ஒரு வகையான டெபியனை நிறுவி, பி40 (வருமானத்தில் கீழ் 40 விழுக்காட்டு) குடும்பப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வருகிறோம். முன்பெல்லாம் நிறுவல் பாதியில் நின்று, வைஃபை சில்லுக்குள் ஓடும் மூடிய மென்பொருளான ஃபர்ம்வேர் கோப்பு இல்லை என்று சொல்லும். இணையத்திலிருந்து இறக்கலாம் என்றால், இணையம் வருவதற்கே அந்த வைஃபைதான் வேண்டும்! வேறொரு கணினியில் கோப்பைத் தேடி இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்து செருகினால்தான் வேலை நகரும். வீட்டில் தனியாக முயலும் ஐந்தாம் படிவ மாணவி அந்த இடத்திலேயே லினக்ஸைக் கைவிட்டுவிடுவாள். டெபியன் உறுப்பினர்கள் 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வெளிவந்த 12ஆம் பதிப்பு முதல் இக்கோப்புகளை அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்த்தார்கள். அதே வேளையில் அவற்றைத் தனிப் பிரிவாக ஒதுக்கி, மூடியவை எவை என்பதையும் மறைக்காமல் வைத்தார்கள். இதைவிட நேர்மையான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவர் மூடியதாக இருந்தால் கதை வேறு. ஃபர்ம்வேர் சில்லுக்குள் ஓடுகிறது. டிரைவரோ இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே புகுந்து, கெர்னலுக்கு உள்ள அத்தனை அதிகாரத்தோடும் ஓடுகிறது. அப்படி ஒரு மூடிய மாட்யூல் (கெர்னலில் ஏற்றப்படும் நிரல்துண்டு) ஏறியதும் கெர்னல் தன்னைக் கறைபட்டதாகக் குறித்துக்கொள்கிறது. அந்நிலையில் அனுப்பப்படும் பிழை அறிக்கைகளைக் கெர்னல் நிரலாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. மூலநிரலே கண்ணில் படாதபோது அவர்கள் எதைத் திருத்துவார்கள்?

அதைவிட என்னை வருத்துவது கருவிகளின் ஆயுள். கிராஃபிக்ஸ் சில்லுகளைத் தயாரிக்கும் என்விடியா தன் 390 வரிசை டிரைவருக்கான ஆதரவை 2022 இறுதியில் நிறுத்தியதோடு, பழுதே இல்லாத ஃபெர்மி என்னும் பழைய தலைமுறை கிராஃபிக்ஸ் அட்டைகளும் அதிகாரபூர்வ டிரைவரின்றி நின்றுபோயின. தன்னார்வலர்கள் அட்டையின் போக்கை ஆராய்ந்து ஆராய்ந்து எழுதிய நுவோ என்னும் திறந்த டிரைவர் படத்தைக் காட்டிவிடும். அட்டையின் முழு வேகத்தை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. என்விடியா 2022 மே மாதம் தன் கெர்னல் மாட்யூல்களின் மூலநிரலை வெளியிட்டதை மனமார வரவேற்கிறேன். ஆனால் அது டூரிங் என்னும் புதிய தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மட்டுமே. எங்கள் கைக்கு வரும் பழைய கணினிகளுக்கு அதனால் பயனில்லை.

ஆகவே, வாங்கிவிட்ட கணினிக்குத் தேவையான மூடிய டிரைவரைத் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள்; கண்டிப்பை அடுத்த கணினி வாங்கும்போது காட்டுங்கள். இன்டெல் 1972 முதல் சில்லுத் தொழிற்சாலை நடத்திவரும் பினாங்கில் இருந்துகொண்டு, வாங்கும் கணினியில் என்ன சில்லு இருக்கிறது என்று நாம் கேட்பதே இல்லை. இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸுக்கான திறந்த டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. பள்ளிக்கோ மன்றத்துக்கோ மொத்தமாகக் கணினி வாங்குவோர், விலைப்புள்ளி கேட்கும்போதே வைஃபை, கிராஃபிக்ஸ் இரண்டின் மாடல் எண்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் தயங்கினால், லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவை அங்கேயே செருகி இயக்கி, வைஃபை தானாகக் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.