சுரங்க ஊரைத் தாண்டி ஓடாதீங்க, ஊருக்குள்ள ஓடுங்க

இங்கிலாந்தோட வடகிழக்குல இருக்கற டர்ஹாம் கடற்கரைப் பாதையில ஓட வர்றவங்க கூடிக்கிட்டே இருக்காங்க, அதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா ஒரு விஷயம் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, இன்னிக்கு எழுதிடறேன். சீஹம்ல காரை நிறுத்திட்டு, கடலோர மேட்டு மேலயே தெற்க ஓடி, கிரிம்டன்ல முடிச்சு, போட்டோ போட்டு, மனுஷன் கைபடாத கடற்கரைன்னு எழுதறாங்க. அந்தப் பாதையில இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி ஈசிங்டன் காலியரி (காலியரின்னா நிலக்கரிச் சுரங்கம்), ஹார்டன், பிளாக்ஹால்னு வரிசையா ஊர் இருக்கு, அதுக்குள்ள ஒரு தெரு கூட யாரும் எட்டிப் பாக்கறதில்ல. மனுஷன் கைபடாததா? இங்க ஒவ்வொரு அடியும் மனுஷன் கைபட்டதுதாங்க, முதல்ல நாசம் பண்ணினதும் மனுஷன்தான், அப்புறம் உக்காந்து சரி பண்ணினதும் மனுஷன்தான்.

இந்த ஊருங்க எல்லாம் நிலக்கரிக்காகவே எழுந்த ஊருங்க. கரி இருந்தது கடலுக்கு அடியில, மைல் கணக்குல உள்ள போய் வெட்டினாங்க. கரியோட சேந்து வந்த கல்லு, மண்ணு, கழிவு எல்லாத்தையும் நேரா கடற்கரையில கொட்டிட்டாங்க, அதுவும் ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல, தலைமுறை தலைமுறையா. பிளாக்ஹால் சுரங்கத்தை 1981ல மூடினாங்க, ஹார்டன் 1987ல, ஈசிங்டன் 1993ல. ஈசிங்டனோட கொட்டறதும் நின்னுச்சு. அதுக்கப்புறம் 1997ல இருந்து 2002 வரைக்கும் 'டர்னிங் த டைட்'னு ஒரு திட்டம் போட்டு, ஒரு கோடி பவுண்டுக்கு மேல செலவு பண்ணி, 13 லட்சம் டன் கழிவை அள்ளினாங்க. அள்ளினது போக மிச்சத்தைக் கடலே கொஞ்சம் கொஞ்சமா தின்னுக்கிட்டு இருக்கு. இப்ப நீங்க ஓடுற புல்வெளி, அதுல கோடையில பூக்கற ஆர்க்கிட், இதெல்லாம் பொதுப்பணத்துலயும் உழைப்புலயும் திரும்பக் கிடைச்சது.

சந்தேகமா இருந்தா ஈசிங்டன் கீழ கடற்கரைக்கு இறங்கிப் பாருங்க. மணலுக்குப் பின்னாடி கருஞ்சாம்பல் நிறத்துல ஒரு திட்டு நிக்கும், கிட்டப் போனா அடுக்கு அடுக்கா உடைஞ்ச களிப்பாறை, நடுவுல செங்கல் துண்டு, துருப்பிடிச்ச போல்ட்டு. அடியில இருந்து தண்ணி கசிஞ்சு வரும், கல்லுல இருக்கற பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேந்த தாது, கரைஞ்சு வர்றதால அது செக்கச் செவேல்னு ஆரஞ்சு கலர்ல இருக்கும், ஷூவுல பட்டா லேசுல போகாது. அலை திரும்பிப் போறப்ப மணல்ல ஒரு கறுப்புக் கோடு விட்டுட்டுப் போகும், கையில எடுத்துப் பாத்தா பொடிப் பொடியா நிலக்கரி, ஈரத்துல மினுமினுன்னு. சீஹம்ல எல்லாரும் குனிஞ்சு பொறுக்கற கலர் கண்ணாடிக் கல்லு கூட அந்தக் காலத்து பாட்டில் தொழிற்சாலை கடல்ல கொட்டின குப்பைதான்.

அதனால நான் சொல்ற ரூட்டு வேற. ஈசிங்டன் காலியரியில சீசைட் லேன்ல இருந்து கிளம்புங்க. கல்லறைத் தோட்டத்துப் பக்கமா போங்க. 1951 மே 29 விடியக்காலையில சுரங்கத்துல வெட்டு மெஷினோட பல்லு பைரைட்ல உரசி தீப்பொறி வந்து, அங்க தேங்கியிருந்த வாயு பத்தி, கரித்தூளும் சேந்து வெடிச்சதுல 81 தொழிலாளிங்க செத்தாங்க, அவங்கள மீட்கப் போன ரெண்டு பேரும் செத்தாங்க, மொத்தம் 83 பேரு. ஷிஃப்ட் மாத்தற நேரம்ங்கறதால ரெண்டு ஷிஃப்ட் ஆளுங்களும் உள்ள மாட்டிக்கிட்டாங்க. அவங்க நினைவா வச்ச தோட்டமும் மரங்களும் அங்க இருக்கு. ஓடுறவங்க நின்னு கும்பிட்டே ஆகணும்னு நான் சொல்லல, ஆனா அந்த வழியா போங்க, வேகத்தைக் குறைச்சுப் போங்க.

அங்கிருந்து பழைய சுரங்கம் இருந்த இடத்துக்கு வந்தா இப்ப முழுக்கப் புல்லு. மேட்டு மேல ஆளுங்களைக் கீழ இறக்கின கூண்டு ஒண்ணு மட்டும் நினைவுச்சின்னமா நிக்குது. எங்க தெருவுல ஒரு பெரியவர் இருக்காரு, அந்தச் சுரங்கத்துல வேலை பாத்தவரு, இப்ப நெஞ்சு சரியில்ல, பத்தடி நடந்தா நின்னு மூச்சு வாங்கணும், ஆனாலும் மழை இல்லாத நாள்ல அந்தக் கூண்டு வரைக்கும் வந்துடுவாரு. ஒரு நாள் கடல்ல தூரத்துல ஒரு கப்பல் நின்னுச்சு, அதைக் கையைக் காட்டி, "அதுக்கும் அந்தப் பக்கம் வேலை பாத்திருக்கேன் நான், அதுக்கு அடியில"ன்னாரு. இந்தக் கடலைப் பாத்து ஓடுறவங்களுக்கு யாராவது இதைச் சொல்லியிருக்காங்களா? பாதையோரமா வச்ச போர்டுல பறவை பேரு போட்டிருக்கு, பூ பேரு போட்டிருக்கு, நல்லதுதான், ஆனா இந்த மனுஷங்க கிட்ட ரெண்டு வார்த்தை பேசினா கிடைக்கறது எந்த போர்டுலயும் கிடைக்காது.

கூண்டுக்கு வடக்க போனா பீக்கன் ஹில், இந்தக் கரையிலயே உசரமான இடம், அப்புறம் ஹாத்தார்ன் டீன். டீன்னா பனியுகம் முடியறப்ப உருகின தண்ணி சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கிட்டுப் போன ஆழமான பள்ளம், உள்ள முழுக்க காடு. கடலோரமா போனா ஒவ்வொரு டீன்லயும் இறங்கி ஏறணும், அதான் இந்தப் பாதை மேப்ல பாக்க தட்டையா இருந்தாலும் தொடை கழண்டு போயிடும். பக்கத்துல 1905ல திறந்த ரயில் பாதை பாலம் போட்டு அலுங்காம தாண்டிடும், நமக்குத்தான் ஏத்த இறக்கம். மேல இருக்கறது களிமண்ணு, மழை பெஞ்சா அப்படியே வழுக்கும், சாதா ரோட்டு ஷூ போட்டுட்டு வராதீங்க, அடியில பல்லு இருக்கற ஷூ வேணும். ஒரு டீன்ல படிக்கட்டு உடைஞ்சு எவ்வளவோ நாளாச்சு, சொல்ல வேண்டிய இடத்துல சொல்லியும் அப்படியே கிடக்கு. இவ்வளவு பணம் போட்டு மீட்ட கரையில படிக்கட்டுக்குக் காசு இல்லன்னா அது நியாயமே இல்ல. கார்ல வர்றவன் வேற இடத்துக்குப் போயிடுவான், ஊர்ல இருக்கற பிள்ளைங்களுக்கும் வயசானவங்களுக்கும் இருக்கறது இந்த ஒரு பாதைதான்.

தெற்க போனா ஹார்டன். அங்க கட்டாயம் ஊருக்குள்ள நுழைங்க. ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்ல ஆரம்பிச்சு தேர்ட்டீன்த் ஸ்ட்ரீட் வரைக்கும் நம்பர் போட்ட தெருங்க, ஒட்டி ஒட்டி வீடு, சுரங்கத் தொழிலாளிங்களுக்குக் கட்டினது. சுரங்கம் மூடினதும் ஆளுங்க போக ஆரம்பிச்சாங்க, பல வீடு பலகை அடிச்சுக் கிடக்கு. பாக்கவே வயிறு எரியும். ஆனா பக்கத்து வீட்டு வாசல்ல பூந்தொட்டி வச்சு, சன்னலைப் பளபளன்னு துடைச்சு வச்சிருக்கற குடும்பமும் இருக்கு, அதையும் பாருங்க. குளிர்காலத்துல நாலு மணிக்கே இருட்டிடும், கடலோரத்துல ஒரு விளக்கு கிடையாது, அப்ப வேலை முடிச்சு வர்றவங்க ஓடுறதே இந்த மாதிரி தெருவிளக்கு வெளிச்சத்துலதான், ஒரு தெரு வேகமா, அடுத்த தெரு மெதுவான்னு. இதைவிட நல்ல இன்டர்வல் டிராக் எந்த ஸ்டேடியத்துலயும் கிடைக்காது.

ஹார்டன்ல இன்னொண்ணும் நடக்குது. சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் அடியில நிறைஞ்ச தண்ணியை பம்ப் பண்ணிக்கிட்டே இருக்காங்க. விட்டா அது ஏறி சுண்ணாம்புப் பாறையில இருக்கற நிலத்தடி நீர்ல கலந்துடும், ஜனங்க குடிக்கற தண்ணி அது. அதனால மேல எடுத்து, இரும்பைப் பிரிச்சு, நாணல் வளத்த குளத்துல தெளிய விட்டு அனுப்பறாங்க. சுரங்கம் முடிஞ்சுபோன கதைன்னு பேசறவங்க இந்தக் குளத்துப் பக்கம் ஒரு தடவை வந்துட்டுப் போகணும்.

கடல் காத்து ஆளைத் தள்ளுற நாள்ல உள்பக்கம் ஹார்ட் டு ஹேஸ்வெல் பாதைக்குப் போயிடுங்க, பழைய ரயில் பாதை, கிட்டத்தட்ட 9 மைல். ரயில் ஓடின தடம்ங்கறதால ஏத்தம் தெரியவே தெரியாது, புதுசா ஓட ஆரம்பிக்கறவங்களுக்கு இதான் சரி. ஹேஸ்வெல் சுரங்கத்துல 1844ல வெடிச்சு 95 பேரு செத்தாங்க, அதுல சின்னப் பசங்களும் உண்டு. விசாரணைக்கு அரசாங்கம் அனுப்பினது யாரைத் தெரியுமா, மின்சார ஆராய்ச்சிக்குப் பேர்போன மைக்கேல் ஃபாரடேயையும் நிலவியல் அறிஞர் சார்லஸ் லையலையும். சுரங்கத்துக்குள்ள விசாரிக்கப் போன ஃபாரடே மெழுகுவர்த்தி பக்கத்துல ஒரு மூட்டை மேல உக்காந்தாராம், அது வெடிமருந்து மூட்டைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுதாம்! அந்த லட்சணத்துலதான் அன்னிக்கு பாதுகாப்பு இருந்திருக்கு. ஸ்கூல்ல ஃபாரடே விதியைப் படிச்சவங்க எல்லாம் அவர் பேரு இந்தச் சின்ன ஊரோட சேந்து வர்றதைத் தெரிஞ்சுக்கணும்னு எனக்கு ஆசை.

கார் வேணும்னு நினைக்காதீங்க. ஹார்டன்ல 2020ல ஸ்டேஷன் திரும்ப வந்துருச்சு. சீஹம்ல இறங்கி, சொன்ன மாதிரி ஈசிங்டன் ஊருக்குள்ள புகுந்து, ஹார்டன்ல முடிச்சா பன்னெண்டு கிலோமீட்டர் சொச்சம் வரும், ரயில் ஏறித் திரும்பிடலாம். நடுவுல ஈசிங்டன் கடையில ஒரு டீயோ சாண்ட்விச்சோ வாங்குங்க, சீஹம் காபி ஷாப்புக்குக் கொடுக்கற காசுல பாதி இங்க கொடுத்தாலே அந்தக் கடைக்காரங்களுக்குப் பெரிய விஷயம். கடற்கரையில இறங்கறதா இருந்தா அலை ஏறுற நேரத்தைப் பாத்துட்டு இறங்குங்க, சில இடத்துல மேல ஏற வழியே கிடையாது. முதல் தடவை தனியா வர யோசனையா இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை காலையில நான் சீசைட் லேன்ல இருந்துதான் கிளம்புவேன், சேந்தே ஓடலாம்.