வாயில் உட்காரும் வரி

"கமர்ஷியலா, ஜனங்களுக்குப் பிடிக்கிற மாதிரி எழுதுறதெல்லாம் ஒரு வேலையா, நாலு வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் போட்டா முடிஞ்சுது" என்று பாட்டு எழுதுகிறவர்களே சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. பல வருஷமாக மெட்டுக்கு எழுதுகிறேன். அந்த நாலு வார்த்தைதான் இன்னும் எனக்குச் சுலபத்தில் சிக்குவதில்லை.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். ஒரு மெட்டில் பல்லவியின் கடைசி ஸ்வரம் நாலு அட்சரத்துக்கு, அதாவது தாளத்தில் நாலு எண்ணிக்கைக்கு, நீளும். அந்த இடத்தில் 'உடைந்து' என்று எழுதிக் கொடுத்தேன். தாளில் அர்த்தமும் சரி, சந்தமும் சரி. பாடகி பாடினார், 'உடைந்தூ...' என்று. காறித் துப்புவது போல இருந்தது. காரணம் பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம்தான். நெடிலுக்கு 2 மாத்திரை, குறிலுக்கு 1, அந்தக் கடைசி 'து' குற்றியலுகரம், அதாவது குறுகி ஒலிக்கிற உகரம், அதற்கு அரை மாத்திரைதான். அதைப் பிடித்து இழுத்தால் அது எங்கே போகும்? 'உடைந்தே' என்று மாற்றினோம். ஓர் எழுத்துகூடக் கூடவில்லை, ஆனால் ஏகாரம் தானாக விரிந்துகொண்டது, அதற்கப்புறம் அறையில் இருந்த எல்லாரும் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

கமர்ஷியல் என்று நான் சொல்வது இதைத்தான். பாடத் தெரியாதவர் வாயிலும் வரி உட்கார வேண்டும். கேட்கிறவர் கையில் தாள் இல்லை, வண்டி ஓட்டிக்கொண்டோ பாத்திரம் கழுவிக்கொண்டோ கேட்கிறார். அவருக்கு ஒரே தடவையில் காதில் விழ வேண்டும், விழுந்தது புரிய வேண்டும், தெரிந்த வார்த்தையாக இருந்தும் இப்படிச் சேர்த்து யாரும் சொன்னதில்லையே என்று தோன்ற வேண்டும். இதில் எது சுலபம்?

'இப்போதெல்லாம் வியாபாரம் பாட்டைக் குறுக்கிவிட்டது' என்பார்கள். வியாபாரம் எப்போது குறுக்காமல் இருந்தது? நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றிய பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷம்தான் பிடித்தது, அதற்குள் அடக்கித்தான் பாடினார்கள். இன்று ஸ்பாட்டிஃபை செயலியில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு, அதனால் முன்னிசையை வெட்டிவிட்டுப் பல்லவியை முதலிலேயே வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாம், அதில் எனக்குக் குறையே இல்லை. பல்லவி முடிந்ததும் சரணத்தை ஏனோதானோ என்று நிரப்புகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். இரண்டாம் தடவை பல்லவி வரும்போது அதே வரிக்கு வேறு கனம் வர வேண்டும், அந்தக் கனத்தைச் சரணம்தான் ஏற்றிக்கொடுக்கும். அது காலியாக இருந்தால் பல்லவி வெறும் ரிப்பீட்.

அப்புறம், 'போன வருஷம் ஹிட்டான அந்தப் பாட்டு மாதிரி ஒண்ணு' என்று கேட்பவர்களிடம் நான் இப்போது நேரடியாகவே முடியாது என்கிறேன். நம் பாட்டு வெளியே வருவதற்குள் ஜனங்கள் அந்தப் பாட்டைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

எழுதி முடித்ததும் தாளை மூடி வைத்துவிட்டு மறுநாள் காலையில் பாடிப் பார்ப்பேன். எந்த வரி நினைவுக்கு வரவில்லையோ அதை அடித்துவிடுவேன், அது எனக்கு எவ்வளவு பிடித்த வரியாக இருந்தாலும். போன வாரம் அப்படி ஒரு சரணமே போனது.