பொட்டலத்தின் அளவையும் சொல்லுங்கள்

அந்தமான் போகிறவர்கள் ஓஆர்எஸ்ஸும் (வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) கொசுவர்த்தியும் எடுத்துப்போகச் சொல்கிறது உங்கள் பயணக் கட்டுரை. சரி, ஆனால் எப்படிக் கலக்குவது? 21 கிராம் சொச்சம் எடையுள்ள பெரிய பொட்டலம் 1 லிட்டர் தண்ணீருக்கு. 4 கிராம் சொச்சம் உள்ள சின்னது 200 மில்லிக்கு. பெரியதை ஒரே டம்ளரில் கொட்டிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு ஏறும், வயிற்றுப்போக்கும் கூடும். குழந்தைகளுக்கு இது ஆபத்து. கொதித்து ஆறிய தண்ணீரில் கலக்கி, 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்பு பானம் இதற்கு ஈடே அல்ல.

கொசுவர்த்தி ராத்திரிக்குத்தான். டெங்கு கொசு பகலில் கடிக்கும். அதற்கு டீட் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த களிம்பு வேண்டும். முதலில் சன்ஸ்கிரீன், அது ஊறிய பிறகு களிம்பு.

கட்டுரை தொடாமல் விட்டது ஸ்கூபா, அதாவது காற்று உருளையை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்கும் டைவ். ஹேவ்லாக் தீவில் (இப்போது சுவராஜ் தீவு) கடைசி நாள் டைவ் வைத்துக்கொண்டு அன்றே போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) விமானம் ஏறக் கூடாது. ஒருமுறை இறங்கினால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன், விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும்போது சோடா மூடியைத் திறந்த மாதிரி குமிழியாகும். மூட்டுவலியோடு நிற்கலாம், கை கால் செயலிழக்கவும் செய்யலாம். அதனால் டைவை முதல் நாட்களிலேயே முடித்துவிடுங்கள். மேலே மிதந்தபடி பார்க்கும் ஸ்நார்க்கெலிங்குக்கு இந்தக் கணக்கு கிடையாது.