மூணாறு போன மில்காரர்

போன மாதம் அப்பாவை மூணாறுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு 74 வயது. புதுச்சேரியில் இருந்த மூன்று பஞ்சாலைகளில் ஒன்றில் 31 வருஷம் ரிங் பிரேம், அதாவது நூல் நூற்கிற மிஷின், ஓட்டியவர். மில்காரர்கள் எல்லாரையும் போல வீட்டிலும் சத்தமாகத்தான் பேசுவார். ரகசியம் சொன்னாலும் தெருமுனை வரை கேட்கும்.

மலை, மேகம், அணை எதிலும் அவர் மனசு ஒட்டவில்லை. எக்கோ பாயின்ட்டில் ஊரே கத்திக்கொண்டிருந்தபோது வேனில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். (அங்கே கத்தாமலே எதிரொலி கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.)

நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கிற டீ மியூசியத்துக்குள் நுழைந்ததும் ஆள் மாறிவிட்டார். அங்கே சி.டி.சி. முறையில் தூள் தயாராவதை ஓட்டிக் காட்டுகிறார்கள். வாடிய கொழுந்து, பல் வெட்டிய இரண்டு ரோலர்களுக்கு நடுவே போய் நசுங்கி, கிழிந்து, சுருண்டு விழுகிறது. பிறகு காற்றுப்படக் கிடந்து பச்சை நிறம் செம்பு நிறமாகி, சூட்டில் காய்ந்து கறுத்து, சல்லடையில் பிரிகிறது. ஏறக்குறைய நாலரை கிலோ கொழுந்து போட்டால்தான் ஒரு கிலோ தூள். நம் வீட்டு டம்ளரில் சாயம் இறங்குகிற டஸ்ட், அந்தச் சல்லடையில் கடைசியாக விழுகிற பொடி.

கூட்டம் வீடியோ எடுத்தது. அப்பா குனிந்து ரோலரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ரெண்டும் ஒரே வேகத்துல சுத்தல பாரு. ஒண்ணு வேகம், ஒண்ணு மெதுவு. நம்ம டிராஃப்டிங் ரோலரும் அப்படித்தான். அங்க பஞ்சை இழுக்கும், இங்க இலையைக் கிழிக்குது" என்றார், வழக்கமான சத்தத்தில். விளக்கிக்கொண்டிருந்த தம்பி பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "நீங்க எந்த ஃபேக்டரி சார்?" அப்பா மில் பெயரைச் சொன்னார். அந்தப் பையன் கேள்விப்பட்டதே இல்லை. அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

பக்கத்து அறைகளில் 1905ஆம் வருஷத்து ரோலர், மின்சாரம் எடுக்க ஓட்டிய பெல்டன் சக்கரம், பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். ஒரு ரயில் எஞ்சின் சக்கரமும் உண்டு. 1908 முதல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குட்டி ரயில் ஓடியிருக்கிறது. அங்கிருந்து ரோப்வேயில் போடி பக்கத்துக் கோட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டி இறங்கும். 1924 வெள்ளத்தோடு எல்லாம் போய்விட்டது. ஆனாலும் யாரோ ஒருவர் அந்தச் சக்கரத்தை இரும்புக்கடைக்கு அனுப்பாமல் எடுத்து வைத்திருக்கிறார். அவருக்கு ஒரு கும்பிடு.

வெளியே ஒரு சூரியக் கடிகாரம். 1913இல் நாசரேத் தொழிற்பள்ளியில் செய்தது, நம் தூத்துக்குடிப் பக்கம். அதன் எதிரே நின்றபோது எனக்கு மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டமான பெட்டிமுடிதான் ஞாபகம் வந்தது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மண் சரிந்து லயங்களில் (தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளில்) தூங்கியவர்கள் 70 பேர் போனார்களே, அவர்களில் பெரும்பாலோர் அதே மாவட்டத்தின் கயத்தாறு பக்கத்துக் குடும்பங்கள். 2015இல் சங்கத் தலைவர்களையே ஒதுக்கித் தள்ளிவிட்டு 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு ரோட்டில் உட்கார்ந்த கொழுந்துக்காரப் பெண்களும் தமிழ்ப் பெண்கள்தான், பெம்பிளை ஒருமை என்று பேர் வைத்துக்கொண்டவர்கள். அவர்களைப் பற்றி அங்கே எதுவும் என் கண்ணில் படவில்லை. அதற்காக மியூசியத்தை ஏசத் தோன்றவில்லை. கம்பெனி கட்டுகிற மியூசியத்தில் கம்பெனியின் கதைதான் இருக்கும். தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியின் பேத்தி கட்டினால் வேறு மாதிரி இருக்கும்.

சரி, எங்கள் ஊர் கதைக்கு வருகிறேன். 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் பிரெஞ்சுக்காரன் போலீஸ் சுட்டதில் 12 தொழிலாளிகள் செத்தார்கள். அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆசியாவிலேயே முதலில் இங்கேதான் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். வருஷா வருஷம் கடலூர் ரோட்டில் தியாகிகள் நினைவிடத்துக்கு மாலை போடுகிறோம், அப்பாவும் தவறாமல் போவார். மாலை வாடியதும் அடுத்த ஜூலை வரை அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த மூன்று பஞ்சாலைகளில் ஒன்றான ஏ.எஃப்.டி. மில்லை 2011இல் தானே புயல் சூறையாடியது, 2020இல் ஒரேயடியாக மூடினார்கள். திடலில் பொருட்காட்சி நடக்கிறது. வெளியூர்க்காரர்கள் ஒயிட் டவுன் மஞ்சள் சுவரில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த ஊரையே சங்கு ஊதி எழுப்பிய மில்களைப் பற்றி அவர்களுக்கு யார் சொல்வது? நம் ஊரிலும் ஒரு மில் மியூசியம் வேண்டும் என்றால், "மியூசியம் யாருக்குச் சோறு போடும்?" என்று என் மச்சான் கேட்கிறான். மூணாறில் டிக்கெட்டுக்கு நின்ற வரிசையை அவன் வந்து பார்க்க வேண்டும்.

மில் வளாகத்தில் ஒரு ஷெட் போதும். பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மிஷின் ஒன்று, ஒரு ரிங் பிரேம், ஒரு தறி. ஓட வேண்டும், அதுதான் முக்கியம். ஓட்டிக் காட்டவும் கதை சொல்லவும் ஓய்வுபெற்ற தொழிலாளிகளையே உட்கார வையுங்கள். கையில் பிரம்பு வைத்திருந்த மேஸ்திரி கதை, பஞ்சுத் தூசியில் இருமி இருமிப் போனவர் கதை, சுவர் ஏறிக் குதித்து சினிமாவுக்கு ஓடியவர் கதை எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. சீக்கிரம் செய்ய வேண்டும். அப்பாவோடு ஷிப்டு பார்த்தவர்களில் இப்போது நாலு பேர்தான் மிச்சம்.

முதலியார்பேட்டை, முத்தியால்பேட்டை, உழவர்கரை, அரியாங்குப்பம் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது மில் டோக்கனோ, சம்பளச் சீட்டோ, சங்கத் துண்டறிக்கையோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். போட்டோ எடுத்துக் கமென்ட்டில் போடுங்கள். எங்கள் வீட்டில் இருப்பது மில்லில் நூல் சுற்றுகிற ஒரு மர பாபின். அம்மா இத்தனை நாளாக அதில் கொடிக்கயிறு சுற்றி வைத்திருந்தாள். ஊர் திரும்பிய மறுநாள் அப்பா கயிற்றைப் பிரித்துவிட்டுத் துடைத்து டி.வி. மேல் வைத்திருக்கிறார்.