கீலைத் திருகினால் தீராது

"காரின் கதவுகளைக் கழற்றிவிட்டு, கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் துருப்பிடித்த சில் (sill) பகுதியை வெட்டி மாற்றுங்கள், இடைவெளியைக் கடைசியில் கீலில் சரிசெய்யலாம்" என்கிறார் நண்பர். உடலுக்கு அடியில் தனிச் சட்டகம் (chassis) உள்ள வண்டிக்கு ஓரளவு பொருந்தலாம். இங்கே பேச்சு எம்ஜிபி ரோட்ஸ்டர் (MGB) என்ற திறந்த பழைய காரைப் பற்றி அல்லவா? அதற்குத் தனிச் சட்டகமும் இல்லை, இரும்புக் கூரையும் இல்லை. பாரம் தாங்குவதில் பெரும்பங்கு அந்தச் சில்லுக்குத்தான். முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் நடுப்பகுதி தொய்ந்து, கதவின் பின்பக்க இடைவெளி மேலே குறுகிவிடும். அப்படியே வெல்டிங் வைத்துவிட்டால் எந்தக் கீலும் காப்பாற்றாது.

கதவு வாயிலின் குறுக்கே, கதவு மூட இடம்விட்டு, உள்பக்கமாக இரும்புக் குழாயைப் பற்றவையுங்கள். கதவை மாட்டி இடைவெளி பார்த்த பிறகே புதிய சில்லுக்கு முழு வெல்டிங். பார்க்கும்போது கதவுக்குப் பின்னால் தூணில் உள்ள பூட்டுக் கொக்கியைக் கழற்றிவிடுங்கள்; இல்லையேல் அது தொங்கும் கதவைத் தூக்கிப் பிடித்துப் பொய்க்கணக்குக் காட்டும்.