படம் முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள்

சில மாதங்களாக மனதில் உறுத்திக்கொண்டே இருப்பதை இன்று எழுதிவிடுகிறேன்.

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். திரைப்பட விழா என்றால் அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு, காலை முதல் காட்சிக்கே வரிசையில் நிற்பேன். நகரத்தில் நடந்த ஒரு விழாவில், மாலைக் காட்சியாக ஒரு தமிழ்ப் படம். இயக்குநருக்கு அதுதான் முதல் படம். தருமபுரிப் பக்கம் ஒரு கிராமத்தில், கேமராவையே பார்த்திராத ஊர்க்காரர்களை வைத்து எடுத்திருந்தார். திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே பாதி அரங்கம் எழுந்துவிட்டது. பக்கத்துத் திரையில் உலகப் புகழ்பெற்ற ஒருவரின் படம். இடம் பிடிக்க வேண்டும். இயக்குநர் மைக்கைப் பிடித்தபடி திரைக்குக் கீழே நின்றிருந்தார். அவரைத் தாண்டித்தான் எல்லோரும் வெளியே போனார்கள்.

எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா மட்டும் கையை உயர்த்தினார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "தம்பி, பிள்ளைக்காகக் காத்திருக்கிற அந்தத் தாய், பொழுது விடிந்த பிறகும் வாசல் விளக்கை அணைக்கவே இல்லையே, ஏன்?"

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "அணைப்பதாகத்தான் அம்மா எழுதியிருந்தேன். அந்தத் தாயாக நடித்த ஊர்க்காரப் பெண் மாட்டேன் என்றுவிட்டார். வெளியே போன பிள்ளை வீடு திரும்பாமல் விளக்கை அணைக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை என்றார். மூன்று முறை கேட்டுப் பார்த்தேன். பிறகு காட்சியை மாற்றி எழுதினேன்."

அந்த அம்மா இன்னொன்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் நேரமாகிவிட்டது என்று சைகை வந்தது. மைக்கை வாங்கிக்கொண்டார்கள். துப்புரவுப் பணியாளர்கள் குப்பைப் பைகளோடு உள்ளே வந்துவிட்டார்கள். மொத்தம் ஏழு நிமிடம்.

அந்த ஏழு நிமிடத்துக்குப் பின்னால் எத்தனை வருட உழைப்பு! பல விழாக்களுக்குப் படம் அனுப்புவதற்கே கட்டணம் உண்டு. தேர்வாகவில்லை என்றால் அந்தப் பணம் திரும்பாது. பெரிய விழாக்கள் முதல் திரையிடல் தங்களிடமே நடக்க வேண்டும் என்கின்றன. அதனால், எடுத்து முடித்த படத்தை யாருக்கும் காட்டாமல், ஒரு பதிலுக்காக மாதக்கணக்கில் பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. எல்லாம் கூடிவந்து, தன் மொழி தெரிந்தவர்கள் நிறைந்த அரங்கில் வந்து நிற்கும்போதுதான் நாம் எழுந்து போகிறோம்.

விருது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் உயரிய டைகர் விருதை வென்றது. தமிழ்ப் படம் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அந்த ஆண்டே ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. ஆனால் பொதுமக்கள் அதைப் பார்த்தது 2023 அக்டோபரில்தான், அதுவும் ஓடிடியில். வறண்ட நிலத்தில் வெயிலில் தகப்பனும் மகனும் நடக்கிற அந்த நடையைக் கைப்பேசித் திரையில் பார்த்தவர்களே அதிகம் இருப்பார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது. இப்படிப்பட்ட படங்களுக்குப் பெரிய திரை கிடைப்பதே பெரும்பாலும் விழாக்களில்தான். படைத்தவரும் பார்த்தவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதும் அங்கேதான்.

பெங்களூருக்குப் படங்களைப் பற்றிப் பேசத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1971 முதல் இயங்கிவரும் சுசித்ரா திரைப்படச் சங்கம் இருக்கிற ஊர் இது. மண்டியா மாவட்டத்துக் கிராமத்து மக்களே நடித்த கன்னடப் படமான 'திதி' 2015இல் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ விழாவில் விருது வாங்கியபோது, வீட்டில் தமிழ் பேசும் நாங்களும் எங்கள் ஊர்ப் படம் என்றுதான் கொண்டாடினோம்.

நானும் ஒரு நாளில் ஐந்து படங்கள் என்று திரைக்குத் திரை ஓடியவன்தான். எத்தனை இயக்குநர்களைப் பேச்சின் நடுவில் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன் என்று எண்ணினால் வருத்தமாக இருக்கிறது. இப்போது மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். இயக்குநர் வருகிறார் என்று தெரிந்தால் அதற்கு அடுத்த காட்சியைத் திட்டத்திலேயே சேர்ப்பதில்லை.

அன்று வெளியே வந்ததும் அந்த அம்மாவைத் தேடினேன். கூட்டத்தில் காணவில்லை. இயக்குநர் படிக்கட்டருகே நின்று, சேலம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யாரிடமோ கைப்பேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். விளக்குக் காட்சி மிகவும் பிடித்திருந்தது என்று சொன்னேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த அம்மா அடுத்து என்ன கேட்க வந்தார் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

விழா நடத்தியவர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இயக்குநர் வந்திருக்கும் படத்துக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே நாற்பது நிமிட இடைவெளி விடுங்கள், கேள்வியைத் தமிழிலும் கன்னடத்திலும் கேட்கலாம் என்று முன்கூட்டியே அறிவியுங்கள். இந்த இரண்டையும்தான் கேட்டிருக்கிறேன். உங்கள் ஊர் விழாவுக்கு நீங்களும் எழுதுங்கள்.