ஈகோ பொத்தானும் எண்ணூர் நெடுஞ்சாலையும்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, பெரம்பூர்ப் பக்கங்களில் அண்மைக் காலத்தில் கார் வாங்கிய நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, பொத்தானால் தேர்ந்தெடுக்கும் டிரைவ் மோடுகளில் சிக்கனத்துக்கான ஈகோ (Eco) மோடில் ஓட்டினால் மைலேஜ் எவ்வளவு கூடும் என்பதுதான். அதற்கு அடுத்தபடியாக, விறுவிறுப்பான ஓட்டத்துக்கான ஸ்போர்ட் மோடில் போட்டால் வண்டி சாலையை நன்றாகப் பிடித்துக்கொண்டு ஓடுமா என்று கேட்கிறார்கள். ஷோரூம்களில் இரண்டுக்கும் உற்சாகமாக ஆமாம் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். நாள்தோறும் வடசென்னைச் சாலைகளில் ஓட்டுகிறவன் என்ற முறையில், முதல் பதில் அரைகுறையானது என்றும், இரண்டாவது பதில் நாம் வாங்கக்கூடிய பெரும்பாலான கார்களைப் பொறுத்தவரை தவறானது என்றும் கருதுகிறேன். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய கார்களில் ஆக்சிலரேட்டரையும் எஞ்சினின் காற்று வழியில் இருக்கும் த்ராட்டில் தகட்டையும் ஒரு கேபிள் இணைத்திருந்தது. கால் எவ்வளவு அழுத்தியதோ தகடு அவ்வளவு திறந்தது. இப்போதைய கார்களில் அந்தக் கேபிள் கிடையாது. மிதியில் இருக்கும் சென்சார், கால் எவ்வளவு அழுத்தியிருக்கிறது என்பதை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்குச் சொல்கிறது. தகட்டை எவ்வளவு திறப்பது என்பதை அந்தக் கணினி முடிவு செய்து, ஒரு சிறு மோட்டாரால் திறக்கிறது. டிரைவ் மோடு என்பது முதன்மையாக இந்த இடத்தில் நடக்கும் வேலை. மிதியைக் கால்வாசி அழுத்தினால் ஈகோவில் எஞ்சின் மெதுவாகவும் குறைவாகவும் பதில் சொல்லும். ஸ்போர்ட்டில் அதே கால்வாசிக்கு உடனடியாகவும் கூடுதலாகவும் பதில் சொல்லும். எஞ்சின் அதே எஞ்சின்தான். பல கார்களில் மிதியை அடிவரை அழுத்திவிட்டால் எந்த மோடாக இருந்தாலும் முழுச் சக்தியும் கிடைத்துவிடும். சில கார்களில் மட்டும் ஈகோவில் இழுவிசைக்கும் ஒரு வரம்பு வைத்திருப்பார்கள்.

ஆட்டோமேட்டிக் கார்களில் இதோடு கியர் மாறும் நேரமும் சேர்ந்து மாறுகிறது. ஈகோவில் சீக்கிரமாக மேல் கியருக்குப் போகும். ஸ்போர்ட்டில் கீழ் கியரிலேயே நின்று எஞ்சினை அதிகம் சுழல விடும். இவை தவிர, சில கார்களில் ஸ்டியரிங்கின் கனமும் ஏசி கம்ப்ரஸரின் வேலையும் மாறும். டாடா நெக்ஸான் ஈகோ, சிட்டி (இரண்டுக்கும் நடுவிலான வழக்கமான மோடு), ஸ்போர்ட் என்கிறது. மஹிந்திரா எக்ஸ்யூவி 700-இன் டீசல் வகையில் ஜிப், ஜாப், ஜூம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்கள் எப்படியிருந்தாலும் உள்ளே நடப்பது ஏறத்தாழ இவ்வளவுதான்.

இனி எரிபொருளுக்கு வருகிறேன். ஓட்டுநரோடு சேர்த்து 1300 கிலோ எடையுள்ள ஒரு பெட்ரோல் காரை, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 80 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் அளவுக்கு ஆற்றல் இருந்தாலும், நகர ஓட்டத்தில் அதில் நான்கில் ஒரு பங்கு அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. ஆகவே, நின்று கிளம்பி 40-ஐத் தொடும் ஒவ்வொரு முறையும் 10 முதல் 12 மில்லிலிட்டர் பெட்ரோல் போகிறது. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு ரூபாய்க்குச் சற்று மேல். அதே தூரத்துக்குள் 60-ஐத் தொட்டுவிட்டு அடுத்த சிக்னலில் பிரேக்கை அழுத்தினால், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஆற்றல் கூடுவதால், செலவு இரண்டேகால் மடங்காகிறது. பிரேக் அழுத்தும்போது அந்த ஆற்றல் முழுவதும் பிரேக் தட்டில் வெப்பமாகிக் காற்றோடு போய்விடுகிறது.

டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) காலடிப்பேட்டையிலிருந்து தண்டையார்பேட்டை வரை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். அங்கே ஓட்டம் என்பதே கிளம்புவதும் நிற்பதும்தான். ஷேர் ஆட்டோ ஓரம் கட்டும், மாநகரப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும், மாடு குறுக்கே வரும், அடுத்து சிக்னல் வரும். இப்படிப்பட்ட சாலையில் மைலேஜைத் தீர்மானிப்பது இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே நாம் எட்டும் உச்ச வேகமும், முன்னால் நிற்கப்போவதை எவ்வளவு தொலைவிலேயே பார்த்துக் காலை எடுக்கிறோம் என்பதும்தான். ஈகோ மோடு இதில் உதவும் விதம் ஒன்றே ஒன்று: கால் பட்டவுடன் வண்டி பாயாமல் இருப்பதால், பதற்றத்தோடு மிதிக்கிறவரின் உச்ச வேகம் தானாகக் குறைகிறது. ஆகவே கனமான காலுக்கு ஈகோ நல்ல பலன் தரும். ஏற்கெனவே பொறுமையாக ஓட்டுகிறவருக்கு, குறிப்பாக கியர் வண்டியில், வித்தியாசம் மிகவும் சொற்பமாகத்தான் இருக்கும். ஏனென்றால் அந்த மோடு செய்ய நினைப்பதை அவருடைய கால் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது.

ஈகோ எதிர்மாறாக வேலை செய்யும் இடமும் உண்டு. சிறிய டர்போ எஞ்சின்களில் நிமிடத்துக்கு 1700, 1800 சுற்றுகளுக்குக் கீழே இழுவை குறைவு, நெக்ஸானின் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் தன் 170 நியூட்டன் மீட்டர் முழு இழுவிசையை 1750 சுற்றிலிருந்துதான் தருகிறது. நான்கு பேரையும் ஏசியையும் சுமந்துகொண்டு மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது, ஈகோவில் வண்டி தயங்குகிறது என்று ஓட்டுநர் மிதியை மேலும் மேலும் அழுத்துகிறார். கணினி ஒரு கட்டத்தில் கியரைக் குறைத்து எஞ்சினை அலற விடுகிறது. சிட்டி மோடில் ஒரே சீரான அழுத்தத்தில் முடிந்திருக்க வேண்டிய ஏற்றம் அது. பெட்ரோல் எஞ்சின் த்ராட்டில் பாதி மூடிய நிலையில் காற்றை இழுக்கவே வீண் உழைப்பு உழைக்கிறது என்பதால், குறைந்த சுற்றில் நிதானமாக, ஆனால் தயங்காமல் வேகம் எடுத்து மேல் கியருக்குப் போவதே சிக்கனம். ஊர்ந்து ஊர்ந்து வேகம் எடுப்பது சிக்கனம் என்று பலர் நம்புகிறார்கள். பின்னால் வருகிறவரின் எரிச்சலைத் தவிர அதில் பெரிதாகக் கிடைப்பது ஒன்றுமில்லை.

எந்த மோடும் தொட முடியாத செலவு ஒன்று நம் பகுதியில் மிக அதிகம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் நாட்களிலும், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும் வேளைகளிலும், ஏசியோடு எஞ்சினை ஓட விட்டு நாம் காத்திருக்கிறோம். பத்து நிமிடம் அப்படி நின்றால் 100 முதல் 150 மில்லிலிட்டர் பெட்ரோல் போய்விடும். அது ஏறத்தாழ எட்டு முதல் பதினைந்து தடவை நின்று கிளம்பும் செலவு. கேட் மூடியிருக்கும்போது எஞ்சினை அணைத்துவிடுவது, ஒரு வாரம் முழுவதும் ஈகோவில் ஓட்டுவதைவிட அதிகமாகச் சேமித்துக் கொடுக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதேபோல், மேம்பாலத்தின் இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். கியரில் வைத்துக் காலை எடுத்தால் இன்றைய எஞ்சின்கள் எரிபொருளை முற்றிலும் நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் எஞ்சினை அணையாமல் வைத்திருக்கப் பெட்ரோல் தேவைப்படுகிறது, எஞ்சினே வண்டியின் வேகத்தைக் குறைத்துத் தரும் உதவியும் (எஞ்சின் பிரேக்கிங்) கிடைப்பதில்லை.

மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வரை போகும் வெளிவட்டச் சாலையில் கணக்கு வேறு. அங்கே நிறுத்தம் குறைவு. காற்றின் எதிர்ப்புதான் பெரும் செலவு. மணிக்கு 80-இல் இருப்பதைவிட 100-இல் காற்றின் எதிர்ப்பு 56 சதவீதம் அதிகம். ஒரே கியரில், ஒரே வேகத்தில் சீராகப் போகும்போது எந்த மோடில் இருந்தாலும் எஞ்சின் செய்ய வேண்டிய வேலை ஒன்றே என்பதால், ஈகோ என்ற எழுத்து எரிந்துகொண்டிருப்பது மட்டும் எதையும் சேமித்துவிடாது. ஆட்டோமேட்டிக் காரை ஸ்போர்ட்டில் விட்டால் கீழ் கியரில் தேவையில்லாமல் சுழலும். அதைத் தவிர்த்தால் போதும். அந்த 62 கிலோமீட்டரை 100-க்குப் பதிலாக 80-இல் கடந்தால் கூடுதலாக ஆவது 9 நிமிடம். மிச்சமாகும் பெட்ரோலோ எந்தப் பொத்தானும் தராத அளவு.

ஏசியைப் பற்றி ஒரு வார்த்தை. சித்திரை வெயிலில் ஈகோ மோடு கம்ப்ரஸரைக் குறைத்தால், பின்னிருக்கையில் இருப்பவர்கள் புழுங்கி, வெப்பநிலையை 18-க்கு இறக்கச் சொல்கிறார்கள். சேமித்தது அங்கேயே போய்விடுகிறது. மணலிப் பக்கம் ஆலைப் புகைக்காகக் கண்ணாடியையும் இறக்க முடியாது. முதியவர்களையோ குழந்தைகளையோ ஏற்றிக்கொண்டு ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போகும்போது ஈகோவைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

எனக்கு அதிகக் கவலை தருவது இரண்டாவது கேள்விதான். ஸ்போர்ட்டில் போட்டதும் ஸ்டியரிங் கனமாகிறது. உடனே வண்டி சாலையோடு ஒட்டிக்கொண்டதைப் போல ஒரு நம்பிக்கை வருகிறது. உண்மையில் அங்கே நடப்பது, ஸ்டியரிங்குக்கு உதவும் மின் மோட்டார் தன் உதவியைக் குறைத்துக்கொள்வது மட்டுமே. டயரின் பிடிமானம் ஒரு துளியும் கூடுவதில்லை. வளைவில் வண்டி சாய்வது குறைவதில்லை. பிரேக் பிடித்தால் நிற்கும் தூரமும் அப்படியே இருக்கிறது. மோடுக்கு ஏற்ப ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தை மாற்றும் மின்வால்வு அமைப்பு விலையுயர்ந்த கார்களில் உண்டு. நம் நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் கார்களில் பெரும்பாலும் இல்லை. எக்ஸ்யூவி 700-இல் அதிர்வின் வேகத்துக்கு ஏற்ப இறுக்கம் மாறும் ஷாக் அப்சார்பர்கள் இருக்கின்றன. ஆனால் அவை தாமாக இயங்கும் இயந்திர அமைப்பு, ஜூம் பொத்தானுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

சொல்லப்போனால் வளைவில் ஸ்போர்ட் மோடு கெடுதலும் செய்யலாம். நம் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை கொண்டவை. வளைவின் நடுவே மிதியைச் சற்று அழுத்தியதும் எஞ்சின் சட்டென்று பாய்ந்தால், திரும்பவும் இழுக்கவும் ஒரே நேரத்தில் உழைக்கும் முன் டயர்கள் பிடியை இழந்து, வண்டியின் மூக்கு வளைவுக்கு வெளியே போகும். மாதவரம் ரவுண்டானாவில் மழை பெய்த முதல் அரைமணி நேரத்தில், லாரிகள் சிந்திய டீசலும் எண்ணெயும் நீரில் கலந்திருக்கும்போது, இது ஏட்டில் படிக்கும் ஆபத்து அல்ல. அந்த நேரத்துக்கு ஈகோ அல்லது சிட்டிதான் பொருத்தம். ஹூண்டாய் க்ரெட்டாவைப் போலப் பனி, சேறு, மணல் என்று தனி ட்ராக்‌ஷன் மோடுகள் உள்ள கார் வைத்திருப்பவர்கள், பனி நமக்கு எதற்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வழுக்கும் சாலையில் சக்கரம் சுழலாமல் இழுவையை மென்மையாகக் கொடுக்கும் மோடு அது என்பதால், ஐப்பசி மழைக்கும் அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

ஸ்போர்ட்டுக்கு உரிய நியாயமான இடமும் எண்ணூர் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. பக்கத்துத் தெருவிலிருந்து அதில் ஏறும்போது, சுமையோடு வரும் ட்ரெய்லர் நினைத்த இடத்தில் நிற்காது. நாம் சேர வேண்டிய இடைவெளி சிறியது. அந்தச் சில நொடிகளில் ஈகோவின் தாமதமான பதில் ஆபத்தானது. ஓட்டுநரின் கால் ஒன்றை எதிர்பார்க்க, வண்டி வேறொன்றைச் செய்வது எந்த நெரிசலிலும் கூடாது. அதனாலேயே, பயணத்தின் நடுவே அடிக்கடி மோடு மாற்றுவதை நான் ஆதரிப்பதில்லை. ஒரு சாலைக்கு ஒரு மோடு என்று வைத்துக்கொண்டால் கால் பழகிவிடும்.

கார் நிறுவனங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எந்த மோடில் எது மாறுகிறது, எது மாறவில்லை என்பதை, ஸ்டியரிங், கியர், ஏசி, இழுவிசை என்று பிரித்து, வண்டியோடு தரும் கையேட்டில் ஒரே பக்கத்தில் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். தமிழ்நாட்டிலேயே கார் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு இது பெரிய செலவு இல்லை. "ஸ்போர்ட்டி டைனமிக்ஸ்" போன்ற விளம்பர வரிகளை நம்பி ஒரு இளைஞன் ரவுண்டானாவில் வேகம் எடுப்பதற்கு அவர்களும் பொறுப்பாளிகள்.

அதுவரை நாமே சோதித்துக்கொள்ளலாம். டேஷ்போர்டு காட்டும் மைலேஜை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே பங்க்கில், ஒரே பம்ப்பில், அது முதல் முறை தானாக நிற்கும் வரை நிரப்பி, டயர் காற்றைச் சரிபார்த்து, வழக்கமான வழியில் ஒரு டேங்க் முழுவதும் ஈகோவில் ஓட்டுங்கள். அடுத்த டேங்க்கை சிட்டியில் ஓட்டுங்கள். ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். வழியும் பயணிகளும் மாறாமல் இருக்க வேண்டும், மழை வாரத்தையும் வெயில் வாரத்தையும் ஒப்பிடக் கூடாது. வண்டியின் பெயரையும், கியரா ஆட்டோமேட்டிக்கா என்பதையும், இரண்டு எண்களையும் இங்கே கருத்துப் பகுதியில் எழுதினால், இதே சாலைகளில் ஓட்டும் மற்றவர்களுக்கும் பயன்படும்.